பச்சை நடுவில் தெரிகிறதா

அந்த அக்காவுக்கு 'ஓகே' என்ற சொல் அவ்வளவு சுலபத்தில் வாயில் வராது. ஓசூரில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நான் இன்சூரன்ஸ் மேஜையில் இருந்தேன். அங்கே அவளோடு நான் போட்ட சண்டைக்கெல்லாம் காரணம் இதுதான். நான் பொறுமைசாலி இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டீ ஆறுவதற்குக்கூடக் காத்திருக்க மாட்டேன், நாக்கைச் சுட்டுக்கொள்வேன்.

அக்காவின் வேலை ஓசிடி அறையில். நோயாளிகள் அதை லைட்டு ஸ்கேன் என்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. தாடையையும் நெற்றியையும் மெஷினில் வைத்துக்கொண்டு உள்ளே தெரியும் பச்சைக் குறியைப் பார்த்தால் போதும். ஒளி உள்ளே போய் விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடித்துவிடும். பரோட்டாவைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி ஒவ்வொரு மடிப்பும் திரையில் தெரியும். சர்க்கரை வியாதியால் அந்த மடிப்புகளுக்கு நடுவே நீர் கோத்துக்கொண்டால் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். ஒரு ஊசியின் விலை இங்கே பல பேருடைய மாதச் சம்பளத்தைத் தாண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி அதற்கு ஒப்புதல் தர வேண்டுமென்றால் முதலில் கேட்பது இந்தப் படத்தைத்தான். ஆக, கிளெய்ம் என் கையில் இருந்தாலும் அதன் உயிர் அக்காவின் அறையில் இருந்தது.

வெளியே நோயாளி உட்கார்ந்திருப்பார். போனில் பெங்களூரிலிருந்து இன்சூரன்ஸ்காரன் கத்திக்கொண்டிருப்பான். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு இது போதும் என்று போய்விடுவார். அக்கா மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்ப்பாள். ஓரத்தில் ஏதோ நிழல் விழுந்திருக்கும், நோயாளி ஒரு தடவை சிமிட்டியிருப்பார். அவ்வளவுதான். "ரிஜெக்ட்" என்று சொல்லி அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுப்பாள்.

ஒருமுறை பேரிகைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு என் மேஜைக்கு ஓடிவந்து அழுதார். தன் கண்ணையே ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்ச் சத்தம் போட்டேன்.

"பேஷண்ட் முன்னாடி ரிஜெக்ட் ரிஜெக்ட்னு சொல்லாதீங்கக்கா. வேற வார்த்தையே கெடைக்கலயா?"

"பன்னெண்டு வருசம் அந்த வார்த்தையிலதான் சோறு சாப்ட்டன். ஒரு நாள்ல மறந்துருமா?" என்றாள் அவள்.

உண்மைதான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, நல்லதை நீல டிரேயிலும் பழுதை சிவப்பு டிரேயிலும் போட வேண்டும். அந்த யூனிட்டை மூடிவிட்டு வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதோ என்னவோ. இரண்டு வருஷம் கண் டெக்னீஷியன் படிப்புப் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். கம்பெனியை விட்டு வந்துவிட்டாள், கம்பெனி அவளை விடவில்லை.

உழவர் சந்தையில் அவளோடு பீன்ஸ் வாங்கப் போனால் கால் வலிக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். கடைக்காரர்கள் அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மகளைப் பெண் பார்க்க மாலூரிலிருந்து ஆட்கள் வந்தபோது அவள் செய்ததை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்து எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில், "எம்பொண்ணுக்குக் கொழம்பு வெக்கத் தெரியாது. கோவம் ஜாஸ்தி. காலைல ஏழு மணிக்கு முன்னாடி எழுந்திரிக்க மாட்டா" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். அக்காவின் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி ரிட்டன் வரக்கூடாது பாரு."

அந்தச் சம்பந்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் குழம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை போலிருக்கிறது.

இருட்டான அந்த அறையில் அவள் குரலைக் கேட்க வேண்டும். வெளியே எங்களிடம் பேசுகிற வெடுக்கென்ற பேச்சு அங்கே இருக்காது. ஆள் உள்ளே வந்ததும் முதல் கேள்வி, "ஊட்ல என்னா பாஷை?" என்பதுதான். பிறகு அந்தப் பாஷைக்கு மாறிவிடுவாள். நேரா பாருங்க என்பாள், நேருகா சூடண்டி என்பாள், நேரவாகி நோடி என்பாள். கழுத்து நிற்காத வயதானவர்களுக்குப் பின்னந்தலையில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே இன்னொரு கையால் மெஷினை இயக்குவாள். "பச்சை தெரியுதா? தெரியுதா? அதயே பாருங்க, வேற எதுவும் வேணாம்." இதே வார்த்தைகளை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொன்னாலும் முப்பதாவது ஆளுக்கும் அலுப்பில்லாமல் சொல்வாள். அந்தப் பொறுமையில் நூறில் ஒரு பங்கு என்னிடம் இருந்தால் என் வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார்.

மூக்கண்டப்பள்ளிக்காரர் ஒருவர் இன்சூரன்ஸ் வழியாகத்தான் எங்களிடம் வந்தார். பேர் வேண்டாம். ஐம்பதைத் தொடும் வயது, ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில் இரும்பைக் கடைகிற சிஎன்சி மெஷினில் ஆபரேட்டர், பத்து வருஷத்துச் சர்க்கரை. சொந்த ஊர் தருமபுரிப் பக்கம், மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். கம்பெனி தொழிலாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்திருந்த இன்சூரன்ஸ் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார்.

வலது கண்ணில் பிரச்சினை. பார்வை பரிசோதித்த பெண் சார்ட்டைக் காட்டினாள். கடைசி வரிசைக்கு ஒரு வரிசை முன்னால் வரைக்கும் கடகடவென்று வாசித்தார். அக்கா படம் எடுத்தாள், அதிசயமாக முதல் தடவையிலேயே 'ஓகே' என்றாள். கோடுகள் அவ்வளவு தெளிவு. டாக்டர் அந்தப் படத்தில் சிவப்பாக வீங்கியிருந்த இடத்தைப் பார்த்து ஊசி எழுதினார். நான் எல்லாவற்றையும் சேர்த்து அன்றைக்கே அனுப்பினேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கொடுக்க முடியாதாம். படத்தின் நடுப்பகுதியில் வீக்கம் இல்லை, நோயாளியின் பார்வையும் நன்றாக இருக்கிறது, ஆகவே இந்த ஊசி இப்போதைக்கு அவசியமில்லை என்று அவர்களுடைய டாக்டர் எழுதியிருந்தார். நேராகப் பார்க்க உதவும் நடு இடம் வீங்கினால்தான் அவர்களுக்குக் கணக்கு. படத்தின் மேல் மெஷின் போடுகிற வட்டத்துக்குள் வரும் தடிமன் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். அந்த எண் அவர்கள் கேட்கும் அளவுக்குக் கீழே இருந்தது. வீக்கம் வட்டத்துக்கு வெளியே, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

நான் அக்காவின் அறைக்குப் போனேன். அந்த வட்டத்தை மவுஸால் பிடித்து நகர்த்தலாம் என்பது எனக்குத் தெரியும். வேறு ஒரு பெண் நகர்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் இழுங்கக்கா. வீங்கியிருக்கற எடத்துல வட்டத்த வெச்சா நம்பர் வந்துரும். டாக்டரே ஊசின்னு எழுதிட்டாரு. நாம ஒண்ணும் இல்லாத வியாதியச் சொல்லப் போறதில்லயே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம்கூட இல்லை. பீன்ஸில் புழுவைப் பார்த்தால் பார்ப்பாளே, அதே பார்வை.

"நம்பர் வரணும்னு நான் இழுக்க மாட்டன். நீ போ."

போய்விட்டேன். கோபமாகத்தான் போனேன். ஒரு மனிதனுக்குக் கண் போகப் போகிறது, இவளுக்குச் சுத்தம் முக்கியமாகப் போயிற்று என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கேன்டீனில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அவளும் சாப்பிட வரவில்லை.

சாயங்காலம் அவளே என் மேஜைக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வா, ஒண்ணு காட்றன்."

அந்தப் படத்தை மேலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்காக ஓட்டிக் காட்டினாள். எல்லார் கண்ணிலும் நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு சின்னக் குழி உண்டு, அது படத்தின் நடுவில் வர வேண்டும். இந்தப் படத்தில் நடுவில் குழி இல்லை. தள்ளிப்போய், வீக்கத்துக்கு அடியில், அரைகுறையாக அமுங்கிக் கிடந்தது.

"மெஷின் பொய் சொல்லல. அவரு பச்சைய நேரா பாக்கல. ஓரக்கண்ணுல பாத்திருக்காரு. கோடு நல்லா இருக்குதுன்னு நான்தான் ஓகேன்னுட்டன். என் தப்பு." படத்தை மறுபடி நடுவுக்கு ஓட்டிவிட்டு, "மத்தியானத்துல இருந்து இதயேதான் பாத்துனு இருக்கறன்" என்றாள்.

"அப்ப இப்ப வட்டத்த இழுக்கலாமில்ல? குழி எங்கன்னு தெரிஞ்சுருச்சே."

"அவர வரச்சொல்லு. திருப்பி எடுக்கணும். இன்னொண்ணும் கேக்கணும். நடுவுல இவ்ளோ வீக்கத்த வெச்சினு அந்த வரிசைய எப்பிடிப் படிச்சாருன்னு கேக்கணும்."

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். சீருடைச் சட்டையில் எண்ணெய் வாசம் இருந்தது. ஊசி கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டோம் என்று நினைத்திருப்பார் பாவம். அக்கா அவரைச் சார்ட் முன்னால் உட்கார வைத்து இடது கண்ணை மூடச் சொன்னாள். மறுபடியும் கடகடவென்று வாசித்தார். அக்கா எழுந்துபோய் அந்த இங்கிலீஷ் சார்ட்டை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துச் சார்ட்டை மாட்டினாள். எங்கள் ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று நாலு பாஷையிலும் சார்ட் உண்டு. அவர் முதல் எழுத்தைச் சொன்னார், இரண்டாவது வரிசையைச் சொன்னார், மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டார்.

"டி, ஈ, எஃப், பி, ஓ, டி, ஈ, சி," என்றாள் அக்கா, சார்ட்டைப் பார்க்காமல். "எட்டாவது வரிசை. எங்க கம்பெனிலயும் இதே சார்ட்டுதாங்க. மெடிக்கலுக்கு மொதநாள் எல்லாரும் மனப்பாடம் பண்ணினு போவோம். எனக்கு இன்னிக்கும் மறக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். கம்பெனியில் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. தேறாதவர்களை மெஷினில் நிற்க விடமாட்டார்கள். மூன்று வருஷமாக வலது கண்ணின் நடுவில் ஒரு புகை மாதிரி. கூட வேலை செய்கிறவர்கள் எழுதிக் கொடுத்த வரிசையை மனப்பாடம் செய்து மூன்று முறை தேறிவிட்டார். இங்கே வந்தபோதும் அதையே சொன்னார். ஏனென்றால் கொடுத்திருப்பது கம்பெனி அட்டை. இந்த ஆஸ்பத்திரியில் எதை எழுதினாலும் அது கம்பெனிக்குப் போய்விடும் என்று பயம்.

"பச்சை தெரியுதான்னு கேட்டீங்க மேடம். நடுவுல பாத்தா மறைக்குது. கொஞ்சம் ஓரமா பாத்தா தெரிஞ்சிது. அதான் தெரியுதுன்னு சொன்னன்."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அக்கா கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். கண் நன்றாக இருக்கிறது என்று கம்பெனியை நம்ப வைக்கப் பாடுபட்டவர், அதே சாமர்த்தியத்தால் இன்சூரன்ஸ் டாக்டரையும் நம்ப வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அக்கா புதுப் படம் எடுத்தாள். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும், "பச்சை நடுவுல தெரியுதா, ஓரத்துல தெரியுதா?" என்று கேட்டாள். மறைத்தாலும் பரவாயில்லை, அது இருக்கும் இடத்தை நேராகப் பாருங்கள் என்றாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். நடுக்குழி இருக்க வேண்டிய இடத்தில் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"இதுதாங்க நீங்க நேரா பாக்கற எடம். இப்பிடியே உட்டா கொஞ்ச நாள்ல இது செத்துப்போயிரும். அப்பறம் எத்தினி ஊசி போட்டாலும் வராது."

"புதுப் படத்த அனுப்புங்க. அந்தப் படிக்கறது மட்டும் பழசையே எழுதிக்குங்க மேடம். ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. பெரியது நர்சிங் படிக்குது."

"ரெண்டும் ஒத்துப் போகாதுங்க. திருப்பித்தான் அனுப்புவான். அப்பிடியே ஒத்துப் போனாலும் நான் எழுத மாட்டன். ஆனா உங்களக் கேக்காம இத அனுப்பவும் மாட்டன். இது உங்க கண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். "கம்பெனிக்குத் தெரியுமாங்க?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் தெரியாதுங்க. இன்சூரன்ஸ் விஷயம் எல்லாம் ரகசியம். நீங்க தைரியமா கையெழுத்துப் போடுங்க."

அக்காவையும் பார்த்தார். அக்கா, "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் தெரியலாம்" என்றாள்.

அவள் காலை மிதிக்கலாமா என்று இருந்தது எனக்கு. அவர் பத்து நிமிஷம் அப்படியே அந்த உப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஒப்புதல் மூன்றாம் நாளே வந்தது. முதல் ஊசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, கம்பெனியிலிருந்து பர்சனல் ஆபீசர் எனக்கே போன் செய்தார். தொழிலாளர்களுக்கு வந்த ஒப்புதல்களின் பட்டியல் அவர் மேஜைக்கு வந்திருக்கிறது. இவருக்குக் கண் இப்படி இருக்கும்போது மூன்று வருஷமாக எப்படித் தேறினார் என்று கேட்டார். நான் ஏதோ மழுப்பினேன். அதற்குள் மூக்கண்டப்பள்ளிக்காரரை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். ஓவர்டைம் போயிற்று, மெஷின் அலவன்ஸ் போயிற்று. நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. எனக்கு உண்மை தெரியாது, தெரியாது என்று சொல்லத் தோன்றவில்லை. வேலை நடக்க வேண்டும் என்பதற்காக வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அடுத்த ஊசிக்கு வந்தபோது அவர் என் மேஜையில் பைலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நாலு ஊசிக்குப் பிறகு வீக்கம் வடிந்துவிட்டது. அப்போதுதான் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆஸ்பத்திரியில் பார்வையை அளந்து எழுதித் தந்தால், கம்பெனி கேட்கும் வரிசை வரைக்கும் தெரிந்தால், மறுபடி மெஷினுக்கு எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. என் பொய்க்கு ஒரு பரிகாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா அவர் பார்த்தேயிராத சார்ட்டைப் போட்டாள். ஒரு வரிசை குறைந்தது. அவர் போட்டிருந்த கண்ணாடியை வாங்கித் தன் துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டாள். அதே இடத்தில் நின்றது. "சாப்ட்டு வாங்க, கண்ணு களைச்சிருக்கும்" என்று அனுப்பினாள். மதியம் வேறு சார்ட் மாற்றி மாற்றி இரண்டு தடவை பார்த்தாள். அந்த ஒரு வரிசை வரவே இல்லை.

"ஒரு வரிசைதானேக்கா," என்றேன் நான், அவர் முன்னாலேயே. "இன்னும் ரெண்டு மாசத்துல அதுவும் வந்துரும்னு டாக்டரே சொல்றாரு."

"வரட்டும். வந்ததும் எழுதறன்." அவரிடம் திரும்பினாள். "அந்த மெஷின்ல உங்க கை இருக்கும்ங்க. நான் இங்க ஏசில உக்காந்துனு இருப்பன்."

தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டாள். கல் நெஞ்சு என்று நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

"எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது?" என்றாள். அவ்வளவுதான். நான் அவளோடு நாலு நாள் பேசவில்லை.

அந்த ஒரு வரிசை கடைசி வரைக்கும் வரவில்லை. ஸ்டோரிலேயே இருந்துவிட்டார். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படத்துக்கு வருவார், தேவைப்பட்டால் ஊசி போட்டுக்கொள்வார். அக்காவின் அறைக்குள் போவார், அவள் கேட்பாள், அவர் நடுவில் என்றோ ஓரத்தில் என்றோ சொல்வார், வெளியே வருவார். அவர்கள் வேறு ஏதாவது பேசி நான் கேட்டதில்லை. அவள்மேல் அவருக்குத் தீராத வன்மம் இருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் எனக்கு இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் எங்களுக்குப் புது நிர்வாகி வந்தார். வந்த வேகத்தில் எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டார். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை படம் என்று அக்காவின் அறைக் கதவிலும் ஒன்று ஒட்டினார். அக்கா அதை நின்று நிதானமாக, நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டாள். பேரிகையில் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. அங்கிருந்து பக்கம் என்று கர்நாடகத்தில் மாலூரில் ஒரு சின்னக் கண் கிளினிக்கில் சேர்ந்துவிட்டாள். கடைசி நாளன்று எனக்குக் கைகொடுத்து, "உன் கையெழுத்து மட்டும் கொஞ்சம் திருத்திக்கோ, இன்சூரன்ஸ்காரன் கேக்கற பாதி குவெரி அதனாலதான் வருது" என்றாள். அதற்குப் பதிலாக அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றிருந்தது. அழவில்லை, "சரிங்க்கா" என்றேன்.

அடுத்த மாதம் மூக்கண்டப்பள்ளிக்காரர் வந்தார். ஓசிடி அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அந்தம்மா லீவுங்களா?"

நின்றுவிட்டார்கள் என்றேன். புதுப் பெண் நன்றாக எடுப்பாள், ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள் என்றும் சொன்னேன். அவர் அந்த அட்டவணையை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"மாலூர்ல. ஆனா அந்த கிளினிக் உங்க கம்பெனி லிஸ்ட்ல இல்லைங்க. உங்க அட்டை அங்க செல்லாது."

"ஊசி இங்கயே போட்டுக்கறங்க. படம் மட்டும் அங்க எடுத்துனு வரன்."

"அங்க படத்துக்குக் கைக்காசுதாங்க குடுக்கணும்."

"இங்க மட்டும் என்னாங்க? படத்துக்கு எந்த இன்சூரன்ஸ்காரன் குடுக்கறான்? ஊசிக்குத்தான குடுக்கறான். படத்துக்கு மொதல்ல இருந்து என் காசுதான். என் காச நான் நம்பற எடத்துல குடுக்கறன்."

நான் அசடு வழியச் சிரித்தேன். "உங்கள மெஷின்ல இருந்து எறக்கினதே அவங்க எழுதினதுதானேங்க."

"ஆமாங்க," என்றார். "அதனாலதான் போறன். என் கண்ணு நல்லா இருக்குதுன்னு அந்தம்மா ஒரு நாள் சொன்னா, அது நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரு சிடியில் பதிந்து கொடுத்தேன். பாகலூர் பஸ் ஏறி அங்கிருந்து மாலூர் போக வேண்டும், ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்றேன். தெரியும் என்றார். ஒரு காகிதத்தில் அக்காவின் கிளினிக் விலாசத்தை எழுதி நீட்டினேன். கையெழுத்து புரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி எழுதிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு என் மேஜையில் எட்டுப் பைல் காத்திருந்தது. ஒன்றையும் தொடத் தோன்றவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு ஊசி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் நல்லதாகவே நாலு வார்த்தை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். என்னைத் தேடிக்கொண்டு ஒருவரும் ஒரு பஸ்கூட ஏறியதில்லை.